சுல்தானின் பங்காளிகள்

பரம்பரைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பரம்பரை எல்லோருக்கும்தானே இருக்கிறது, தாத்தா இல்லாமல் யாராவது பிறந்திருக்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உங்கள் தாத்தா வேறு, அவருடைய தாத்தா வேறு. உங்கள் தாத்தாவுக்கு மூட்டுவலி இருந்திருக்கும். அவருடைய தாத்தாவுக்கு யானை இருந்தது.

எந்தச் சாதியில் இவர் இருக்கிறார் என்று கேட்காதீர்கள். எந்தச் சாதியில் இல்லை என்று கேளுங்கள். அரியலூர் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப்பையில் சில்லறை துழாவிக்கொண்டே, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "இந்த ஏரி, அதுக்கு அந்தாண்ட தெரியுது பாருங்க முந்திரிக்காடு, எல்லாம் ஒரு காலத்துல நம்மளோடதுதாங்க" என்பாரே, அவர்தான். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்கு நாமெல்லாம் சாமி கும்பிடப் போகிறோம். அவர் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போகிறார். தூணைத் தட்டிப் பார்ப்பார். புல்தரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடும் குடும்பத்தை, வாடகைக்கு விட்ட வீட்டில் கேட்காமல் ஆணி அடித்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஆதாரம் கேட்டீர்களா? இருந்தது. செப்புப் பட்டயமே இருந்தது. கறையான் தின்றுவிட்டது. செம்பைக் கறையான் தின்னுமா? அந்தக் காலத்துக் கறையான் தின்னும்.

இந்த இனத்தில் நான் மிக அருகிலிருந்து பார்த்தவர் ஜெயங்கொண்டம் கொளஞ்சியப்பன். என் எதிர்வீட்டுக்காரர். நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல இடம் கிடைக்காமல் போகலாம். இளவயதில் முந்திரிக்கொட்டை மூட்டை சுமந்தவர், பிறகு அதை வாங்கி விற்றவர், பிறகு கொட்டை உடைக்கும் ஆலையே வைத்தவர். விருத்தாசலம் சாலையில் அவர் கட்டிய மாடி வீட்டைப் பார்த்துவிட்டு, கல்யாண மண்டபமா என்று கேட்டவர்கள் உண்டு.

அந்த வீடு எழும்பும்வரை அவருக்குப் பரம்பரை கிடையாது. அதற்கு நேரமும் இல்லை. வினை கிரகப்பிரவேசத்தன்று வந்தது. பண்ருட்டியிலிருந்து வந்திருந்த ஒரு வியாபாரி, கூடத்தின் பெரிய வெற்றுச் சுவரை அண்ணாந்து பார்த்து, ஒரு கள்ளமும் இல்லாமல், "அப்பா படம் இன்னும் மாட்டலீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

மாட்ட அப்பா படம் இல்லை. கொளஞ்சியப்பனின் அப்பா குன்னம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிவேலை செய்தவர். பருத்திக்காட்டில் ஒரு மதியம் தலை சுற்றுகிறது என்று வரப்பில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மகனுக்கு அப்போது நடக்கத் தெரியும், நினைவு வைத்துக்கொள்ளத் தெரியாது. அந்த மனிதரைப் படம் பிடிக்க யாருக்கும் எந்தக் காரணமும் இருந்ததில்லை. ஊரில் ஓர் ஓவியர், அடையாளம் சொன்னால் வரைந்து தருகிறேன் என்றார். தன் அக்கா சொல்லிக் கேட்ட அடையாளத்தைக் கொளஞ்சியப்பன் சொன்னார். வந்த படத்தில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். நல்ல கண்டக்டர்தான். ஆனால் அப்பா இல்லை.

அதன் பிறகுதான் பழைய தேக்குத் தூண் வாங்கக் காரைக்குடிக்குப் போனோம். துணைக்கு நான். பழம்பொருள் கடையின் பின்கட்டில், உடைந்த ஊஞ்சல் பலகைகளுக்கு நடுவே, ஆளுயரத்துக்கு அந்த எண்ணெய் ஓவியம் நின்றது. பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரு தலைப்பாகை. அதில் பிறைவடிவ நகை. மார்புவரை தாடி. தோள்களில் ஏதோ மிருகத்தின் ரோமம் வைத்துத் தைத்த கனத்த அங்கி. கண்கள் மட்டும், யாரோ கூப்பிட்டுத் திரும்பியவர் கண்களைப்போல ஓரமாகப் பார்த்தன. 

"வெளிநாட்டு ராஜாங்க" என்றார் கடைக்காரர். கொளஞ்சியப்பன் காதில் இரண்டாவது சொல் மட்டும் விழுந்தது.

உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அவர் துருக்கி சுல்தான். ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளுக்கு முன் பணக்கார வீடுகளில் சுல்தான் படம் மாட்டுவது ஒரு மோகமாக இருந்திருக்கிறது. சுல்தானைக் கண்டு பயம். பயந்தவரைச் சுவரில் மாட்டி வைத்தால் ஒரு தெம்பு. அதற்காக வரைந்து குவித்த ஓவியர்களில் பலர் சுல்தானையும் பார்த்ததில்லை, துருக்கியையும் பார்த்ததில்லை. போய் வந்த வியாபாரி சொன்னதை வைத்து ஒருவர் வரைவார். அதைப் பார்த்து இன்னொருவர். அவரைப் பார்த்து அடுத்தவர். மூக்கு ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் வளரும். அப்படியொரு படத்தின் பிரதியை யாரோ ஒரு பெரிய வியாபாரி கப்பலில் கொண்டுவந்து தன் மாளிகையில் மாட்ட, மாளிகை பாகம் பிரிந்தபோது சுல்தான் கடைக்கு வந்துவிட்டார். சுல்தானைப் பார்க்காதவர் வரைந்த சுல்தானை, அப்பாவை நினைவில் இல்லாத ஒருவர் வாங்கிக்கொண்டு ஜெயங்கொண்டம் வந்தார். இதில் யாரை யார் குறை சொல்வது?

சுவரில் ஏறியபோது அவர் வெறும் ராஜாதான். முன்னோர் ஆனது படிப்படியாக. முதல் வாரம், "நம்ம பக்கத்து ராஜாவா இருக்கும்" என்றார் கொளஞ்சியப்பன். அடுத்த வாரம் "இருக்கும்" போய்விட்டது. ஆடி மாதத்தில் ஒரு நாள் தெருமுனை டீக்கடையில், அந்த ரோம அங்கியைப் பற்றிப் பேச்சு வந்து, அது புலித்தோல் என்று முடிவாகி, அங்கேயே, இஞ்சி டீ ஆறுவதற்குள், புலிமார்பராயர் என்ற பெயர் பிறந்தது. நான் கூட இருந்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது அவர் எள்ளுத்தாத்தா ஆகியிருந்தார்.

பிறகு அந்த வீட்டுக்குப் போனால் முதலில் படம், அப்புறம்தான் காபி. இந்த வரிசை மாறாது. "மூக்கைப் பாருங்க" என்பார். பார்க்க வேண்டும். "இப்ப என் மூக்கைப் பாருங்க" என்று பக்கவாட்டில் திரும்பி நிற்பார். அதையும் பார்க்க வேண்டும். "அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்குங்க" என்று சொன்னால் உள்ளிருந்து டம்ளர் சத்தம் கேட்கும். தலையில் பிறை இருக்கிறதே என்று யாராவது இழுத்தால், "சிவபெருமான் தலையில என்ன இருக்கு? நாங்க சிவபக்தர் பரம்பரை" என்பார். ஆடி அமாவாசையன்று சுல்தானுக்கு வடை பாயசத்தோடு இலை போடப்பட்டது. நெற்றி தலைப்பாகைக்குள் மறைந்திருந்ததால் சந்தனப் பொட்டைத் தலைப்பாகை மேலேயே வைத்தார்கள். இத்தனை நூற்றாண்டுகளில் அவருக்கு இப்படி ஒரு மரியாதை வேறு எங்கும் நடந்திருக்காது.

அந்த வீட்டில் உண்மை தெரிந்தவர் ஒருவர் இருந்தார். மகள் வெற்றிச்செல்வி. பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. படம் வந்த அன்றே செல்போனில் அதைப் படம் எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டார். எந்தச் சுல்தான் என்பதில் வலைத்தளங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. சுல்தான் என்பதில் சந்தேகம் இல்லை. அம்மா உண்ணாமலையிடம் காட்டினார். உண்ணாமலை செல்போனையும் பார்த்தார், கூடத்தில் படத்தின் முன்னால் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்த கணவரையும் பார்த்தார்.

"சந்தோசமா இருக்காரு, விடு" என்றார்.

விட்டார்கள். விட்டதன் பலன் தை மாதத்தில் வந்தது.

வெற்றிச்செல்விக்கும் அரியலூர் கோகுலகிருஷ்ணனுக்கும் ஏற்கெனவே பழக்கம். சிமெண்ட் ஆலை ஒன்றில் இன்ஜினியர். அம்மாவைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்து வந்த இடத்தில், அம்மாவின் கையில் ஊசி ஏறுவதைப் பார்த்து இவர் மயங்கி விழுந்துவிட்டார். தண்ணீர் தெளித்தவர் வெற்றிச்செல்வி. அதன் பிறகு அவர் அம்மாவுக்கு அடிக்கடி சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு வீட்டிலும் காதல் என்ற சொல்லைக் கேட்டால் கதவைச் சாத்துவார்கள் என்பதால், இருவருமே சேர்ந்து கண்ணையன் என்ற தரகரைப் பிடித்து, அவர் கண்டுபிடித்ததுபோல் இந்தச் சம்பந்தத்தைக் கண்டுபிடிக்க வைத்தார்கள். ஜாதகம் பொருந்தியது. அந்தஸ்து பொருந்தியது. பெண் பார்க்க நாள் குறித்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா ராசாங்கமும் பரம்பரைக்காரர்.

ராசாங்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் வைத்திருப்பவர். அவருக்குக் கோட்டை கொத்தளத்தோடு முழுப் பரம்பரையும் உண்டு. படம் மட்டும் இல்லை. அவர் கூடத்துக்குள் காலை வைத்ததும் எதிரே ஆளுயரத்தில் இன்னொருவருடைய முன்னோர், தேக்குச் சட்டத்துக்குள், மாலையோடு நின்றார். ராசாங்கத்தின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அக்கம்பக்கத்துப் பெரிய மனிதன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இவரு யாருங்க?"

"நம்ம முன்னோருங்க. புலிமார்பராயர். இந்தச் சுத்துப்பட்டு பூரா அவரு ஆட்சிதான்."

ராசாங்கம் படத்தைக் கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். இந்த இனத்தைச் சேர்ந்தவர் அடுத்தவரின் வீட்டைப் பொறுத்துக்கொள்வார், காரைப் பொறுத்துக்கொள்வார். தாத்தாவைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

"இவரா? இவரு எங்க வூட்லயும் இருந்தாருங்களே" என்றார்.

"என்னங்க சொல்றீங்க?"

"இதே படம். எங்க தாத்தா காலத்துல. மருதையாத்து வெள்ளத்துல போயிடுச்சு. இதே தலப்பா, இதே தாடி. பேருகூட இதையேதான் சொல்லுவாங்க. நாங்களும் அந்த வம்சம்தான்."

டீக்கடையில் பிறந்த பெயர் அரியலூர்வரை போய், வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிருந்தது. கொளஞ்சியப்பனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. யோசித்துப் பாருங்கள், இத்தனை நாளும் அவர் சொன்னதற்கு அவரே சாட்சி. இப்போது வெளியூரிலிருந்து ஒரு சாட்சி, தானாகவே, காரில் வந்திருக்கிறார். எழுந்துபோய் ராசாங்கத்தைக் கட்டிக்கொண்டார். இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்தார்கள். ராஜ்யம் பிரிக்கப்பட்டது. மருதையாற்றுக்கு அந்தப் பக்கம் ராசாங்கத்துக்கு, இந்தப் பக்கம் கொளஞ்சியப்பனுக்கு. ஏரி இவருக்கு என்றால் கோட்டை அவருக்கு. அரியலூர் மண்ணுக்குள் கிடைக்கிறதே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய கடல் சிப்பிகள், அவைகூட அரண்மனைக் குளத்தில் கிடந்தவைதான் என்று ராசாங்கம் சொன்னபோது கொளஞ்சியப்பன் தலையாட்டினார். பெண் பார்க்க வந்தோம் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

நினைவிருந்தவர் வீரமுத்து. ராசாங்கத்தின் தாய்மாமன். முறை பார்ப்பதில் கறாரானவர். அந்தக் குடும்பத்தில் அவர் தலையசைக்காமல் தாலி ஏறாது. கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் பங்காளிங்களா?"

"அதுல என்ன மாமா சந்தேகம்?" என்றார் ராசாங்கம்.

"பங்காளின்னா புள்ளையும் பொண்ணும் அண்ணன் தங்கச்சி ஆவுது. அப்புறம் எதுக்கு இந்தக் கேசரி?"

காபித் தட்டோடு வாசல்படி தாண்டி வந்த வெற்றிச்செல்வி அங்கேயே நின்றுவிட்டார். கோகுலகிருஷ்ணனின் முகம் ஊசியைப் பார்த்த முகமானது. இரண்டு அப்பாக்களில் ஒருவர், ஒரே ஒருவர், 'சும்மா பேச்சுக்குச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொளஞ்சியப்பன் ராசாங்கத்தைப் பார்த்தார். ராசாங்கம் கொளஞ்சியப்பனைப் பார்த்தார். இருவரும் மற்றவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். காபி ஆறியது. கார் அரியலூருக்குத் திரும்பியது.

அடுத்த சில வாரங்கள் தரகர் கண்ணையன் பஸ்ஸிலேயே வாழ்ந்தார். ஜெயங்கொண்டத்துக்கும் அரியலூருக்கும் நடுவே இத்தனை சமாதானத் தூது எந்தக் காலத்திலும் போயிருக்காது. முதல் யோசனை, ராசாங்கம் ராயரின் மகள் வழி வந்தவராக இருக்கட்டும். அப்படியானால் மாமன் மச்சான் முறை ஆகிவிடும். ராசாங்கம் கொதித்தார். "நான் எதுக்கு மகள் வழி? அவரு வேணா ஆவட்டும்." அவர் ஆகவில்லை. இரண்டாவது யோசனை, ராசாங்கத்தின் முன்னோர் ராயரின் தளபதி. "தளபதின்னா சம்பளத்துக்கு நின்னவன்தானே" என்று பதில் வந்தது. "அண்ணே, ஆளுக்கு ஒரு ராஜாவா வச்சுக்கலாமே, ராஜாவுக்கா பஞ்சம்?" என்று கண்ணையன் கெஞ்சினார். படம் ஒன்றுதானே இருக்கிறது என்று இரு பக்கத்தாரும் சொன்னார்கள்.

கொளஞ்சியப்பன் வேறு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் வெற்றிச்செல்வி செல்போனை எடுத்துக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றார்.

"அப்பா, இதைப் பாருங்க. இவரு நம்ம பாட்டன் இல்ல. துருக்கி சுல்தான். வரைஞ்சவரே அவரைப் பார்த்ததில்ல."

கொளஞ்சியப்பன் பார்த்தார். அதே தலைப்பாகை. அதே தாடி. வெகுநேரம் பார்த்துவிட்டு, "நெட்ல போடுறதெல்லாம் உண்மையா?" என்றார். பிறகு, "நீயும் அந்தப் பண்ருட்டிக்காரன் மாதிரியே கேக்குற" என்றார். வெற்றிச்செல்விக்கு அது விளங்கவில்லை. அப்பா மகளோடு பேசுவதை நிறுத்தினார். ஆலையிலிருந்து வந்தால் நேரே மாடிக்குப் போய்விடுவார். சாப்பாட்டைத் தட்டில் மூடி மேலே எடுத்துப் போவது உண்ணாமலையின் வேலையானது. மகளும் அரைவயிறோடு பெரம்பலூர் பஸ் ஏறினார்.

உண்ணாமலை கடைசியில் தன் நாத்தனாருக்குப் போன் செய்தார். கொளஞ்சியப்பனின் அக்கா ரெங்கம்மாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு களை பறித்தவர். இன்றும் குன்னத்தில்தான் இருக்கிறார். ஒரு பை வெங்காயத்தோடு வந்து இறங்கினார். மூட்டுவலியால் கிரகப்பிரவேசத்துக்கும் அதன் பிறகும் வராதவர், அன்றுதான் படத்தை முதல்முறையாகப் பார்த்தார்.

"யாருடா இவரு, இந்த வெயில்ல கம்பளியப் போத்திக்கிட்டு?"

"நம்ம பாட்டன்க்கா" என்றார் கொளஞ்சியப்பன். குரலில் முன்பிருந்த பலம் இல்லை.

"நம்ம பாட்டனா? நம்ம பாட்டன் சட்டை போட்டு நான் பார்த்ததில்லியே" என்று ரெங்கம்மாள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். "அவரு கெணறு வெட்டுறவருடா. ஒரே ஆளு. இன்னிக்குக் கடப்பாரை போட்டாருன்னா நாளைக்குத் தண்ணி. அந்தப் பக்கம் இருக்கிற கெணறு பூரா அவரு வெட்டினதுதான். ஒரு தடவை கெணத்துக்குள்ள புலி வுழுந்துடுச்சு. வெறுங்கையாலயே அதத் தூக்கி மேல எறிஞ்சாரு பாரு."

குன்னத்துக் கிணற்றில் புலி எப்போது விழுந்தது என்று நான் கேட்கவில்லை. ரெங்கம்மாளும் அதே இனம்தான் என்பது தெரிந்துவிட்டது. 

வெற்றிச்செல்வி அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "எங்க தாத்தா எப்படி அத்தை இருப்பாரு? அப்பாவோட அப்பா."

ரெங்கம்மாள் உடனே சொல்ல வாயெடுத்தார். "ஒசரம். நல்ல கறுப்பு. மூக்கு வந்து…" அங்கே நின்றுவிட்டார். படத்தைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "மூஞ்சி மறந்துபோச்சு பாப்பா" என்றார். "கைதான் ஞாபகம் இருக்கு. பருத்தி எடுத்து எடுத்து வெடிச்சுப்போன கை. அதால என் தலையத் தடவுனா முடி சிக்கிக்கும். மூஞ்சி வரமாட்டேங்குது."

கொளஞ்சியப்பன் எழுந்து, ஆலையில் வேலை இருக்கிறது என்று போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆலை கிடையாது. அப்போதுதான் உண்ணாமலை மகளுக்குப் பண்ருட்டி வியாபாரி கேட்ட கேள்வியைச் சொன்னார். வெற்றிச்செல்வி கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைக் கழற்றினால் மறுபடியும் என்ன தெரியும் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். செல்போனை மறுபடி எடுத்தார். முதல்முறை சுல்தான் யார் என்று மட்டும் பார்த்தவர், இந்த முறை சுல்தான் குடும்பத்தைப் பற்றி உட்கார்ந்து படித்தார்.

மறுவாரம் கண்ணையனிடம், கடைசியாக ஒருமுறை எல்லோரையும் கூட்டி வரச் சொன்னார். ராசாங்கம் வரமாட்டார் என்று நினைத்தோம். ராயர் படத்துக்கு ஒரு மாலையோடு வந்தார். வீரமுத்துவும் வந்தார்.

வெற்றிச்செல்வி இரண்டு அப்பாக்களையும் விட்டுவிட்டு நேராக வீரமுத்துவின் முன்னால் நின்றார். 

"தாத்தா, ஒண்ணு கேக்கலாங்களா? ஒரு வம்சத்துல பங்காளியே இல்லன்னா, அப்ப முறை எப்படிப் பாக்குறது?"

"பங்காளி இல்லாத வம்சம் ஏது?"

"இருக்குங்க. இவரு வம்சத்துல ஒரு காலத்துல, பட்டத்துக்கு வர்றவரு மொத வேலையா கூடப் பொறந்த ஆம்பளைங்களைக் கழுத்தை நெரிச்சு முடிச்சுடுவாராம். நாளைக்குப் பங்கு கேப்பாங்கன்னு. அண்ணன் தம்பியே மிஞ்சலன்னா பங்காளி எங்கேருந்து வருவாங்க?"

"எந்த ஊருல அந்த வழக்கம்?"

"துருக்கிலங்க. இவரு ஊருல."

செல்போன் கைமாறியது. வீரமுத்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்து, ராசாங்கத்திடம் கொடுத்தார். ராசாங்கம் பார்த்து யாரிடமும் கொடுக்கவில்லை. எல்லோர் பார்வையும் கொளஞ்சியப்பன் மேல் திரும்பியது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் அருகில் போய், தாழ்ந்த குரலில், "படம் இங்கயேதாம்ப்பா இருக்கும். யாரும் கழட்டப் போறதில்ல" என்றார். 

வெகுநேரம் கழித்து, "ஆமாம். துருக்கிதான்" என்றார் கொளஞ்சியப்பன்.

ஒரு மனிதர், இத்தனை பேர் நடுவில், மகளுக்காகத் தன் எள்ளுத்தாத்தாவைக் கைவிடுகிறார். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

"அங்க வரைக்கும் போயிருக்கோம்."

ராசாங்கம் அந்த இடைவெளியில் நன்றாகவே யோசித்திருந்தார். தம்பிகளைக் கொல்லும் வம்சத்தில் ஒருவர்தான் மிஞ்ச முடியும். மிஞ்சியவர் சுவரில், வேறு ஒருவர் வீட்டில், தொங்குகிறார். அப்படியானால் ராசாங்கம் யார்? "எங்க வூட்ல இருந்தது வேற படமா இருக்குங்க. அதுல தாடி கொஞ்சம் கம்மி" என்றார்.

வீரமுத்து கண்ணை மூடி முறையைக் கணக்குப் பார்த்தார். பிறகு, "தாடி கம்மின்னா வேற ஆளுதான். தடை இல்ல. கேசரி இருக்கா?" என்றார்.

கல்யாணம் வைகாசியில் ஜெயங்கொண்டத்திலேயே நடந்தது. மண்டப வாசலில் வைத்த ஃபிளெக்ஸ் பேனரில் மணமக்கள் ஓரமாகவும் சுல்தான் நடுவிலும் இருந்தார்கள். மேடையில் ஐயர் சங்கல்பத்துக்காக, "பெண்ணோட பாட்டனார் பேரு, அவருக்கு அப்பா பேரு சொல்லுங்கோ" என்று கேட்டார். கண்ணையன் கையிலிருந்த வெற்றிலையை வாயில் போடாமல் வைத்திருந்தார். புலிமார்பராயரை எந்த இடத்தில் செருகப் போகிறார் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

கொளஞ்சியப்பன் மகளைப் பார்த்தார். ஒலிபெருக்கி பக்கம் கொஞ்சம் குனிந்தார்.

"எங்க அப்பா பேரு சடையன். அவரோட அப்பா நல்லான்."

ஐயர் அந்த இரண்டு பெயர்களையும் தன் மந்திரத்தோடு சேர்த்து, மண்டபம் முழுவதும் கேட்கச் சொன்னார். மூன்று முறை சொன்னார். ரெங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அடுத்து ராசாங்கத்தின் முறை. அவர் பெருமூச்சு விட்டதுபோல் எனக்குத் தோன்றியது. "காத்தான், அவரு அப்பா மண்ணாங்கட்டி" என்று மளமளவென்று சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. குழந்தை தங்காத வீட்டில், தங்க வேண்டும் என்று அப்படிப் பெயர் வைப்பார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கொளஞ்சியப்பன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுவீடு முடிந்த அடுத்த வாரம் நான் போனபோது, விருத்தாசலத்திலிருந்து வந்த ஒருவரைப் படத்தின் முன் நிறுத்தி, துருக்கியில் நம் ஆட்சி எப்படி இருந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தார். வந்தவர் மூக்கைப் பார்த்தார். காபி வந்தது.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். இவ்வளவு நேரமும் உங்களுக்குத் தெரிந்த யார் யாரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். உங்கள் வீட்டில் ராஜா கிடையாது, சரி. ஆனால் உங்கள் கொள்ளுத்தாத்தா, பஞ்ச காலத்தில் களஞ்சியத்தைத் திறந்துவிட்டு, ஊருக்கே சோறு போட்டவர் இல்லையா? அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நான் இதுவரை சந்தித்தவர்களில், ஊருக்கே சோறு போட்டவருடைய பேரன்களும் பேத்திகளும் ஏராளம். வரிசையில் நின்று அந்தச் சோற்றை வாங்கித் தின்றவருடைய பேரன் ஒருவர்கூட இன்னும் கண்ணில் படவில்லை. அத்தனை ஊர்களில், அத்தனை பஞ்சங்களில், அத்தனை சோற்றையும் தின்றது யார்? ஒருவேளை உங்கள் கொள்ளுத்தாத்தாவாக இருக்குமோ?

சும்மா கேட்டேன். கோபம் வரவில்லையே? வந்திருந்தால், வாருங்கள்; உங்கள் மூக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.